ஈல் ஓஸெக்ரெத்: சுண்ணாம்புப் பாறைத் தீவுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஈல் ஓ செர் வேறு, ஈல் ஓஸெக்ரெத் வேறு. முன்னது மொரிஷியஸின் கிழக்குக் கரையில், வெள்ளை மணலும் கோல்ஃப் மைதானமுமாக இருக்கும் உல்லாசத் தீவு. பின்னது தென்கிழக்கில், மாயேபூர் பக்கத்தில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கும் இயற்கைக் காப்பகம். மொத்தப் பரப்பே ஏறத்தாழ 26 ஹெக்டேர்தான். அங்கே குளிக்க முடியாது, மீன் சுட முடியாது, பாய் விரித்துப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. படகில் போய் இறங்கி, வழிகாட்டியோடு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நடந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விடுமுறைக் கும்மாளத்துக்கு இடம் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

மற்றவர்களுக்குத் தாராளமாகச் சொல்லலாம்: கொடுக்கும் காசுக்குத் தகும். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். மிருகக்காட்சிச் சாலை போலக் கூண்டுக்குக் கூண்டு ஒன்றைக் காட்டும் இடமல்ல இது. அழிந்துபோன ஒரு காட்டைத் துண்டு துண்டாக ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையை நடுவில் நின்று பார்ப்பதற்குத்தான் டிக்கெட். தீவை நடத்துவது மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம். 1965இலேயே காப்பகமாக அறிவிக்கப்பட்ட தீவு என்றாலும், உருப்படியாகச் சீர்செய்யும் வேலை தொடங்கியது 1980களில் இவர்கள் கைக்கு வந்த பிறகுதான்.

மொரிஷியஸ் முழுக்க எரிமலைக் கல். கரும்புத் தோட்டத்து நடுவே கோபுரம் போலக் குவித்து வைத்திருக்கும் கருங்கல்லைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இந்தக் குட்டித் தீவு அந்தச் சாதியில் சேராது. பவளமும் சிப்பியும் பொடிந்து மணலாகி, அந்த மணல் இறுகிப் பாறையான சுண்ணாம்புத் தரை இது. மழைநீரில் லேசாக ஒரு அமிலத்தன்மை உண்டு. அது இந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து மேற்பரப்பு முழுவதையும் குழியும் முள்ளுமாக ஆக்கிவைத்திருக்கிறது. பெய்த மழை தங்காமல் உள்ளே இறங்கிவிடுவதால் ஓடையும் இல்லை, குளமும் இல்லை. மண் என்று இருப்பது பொந்துகளிலும் வெடிப்புகளிலும் சேர்ந்த கையளவு மட்டும். மரங்கள் வேரை வெடிப்புக்குள் விட்டுத்தான் பிழைக்கின்றன. கடலின் உப்புக்காற்று வேறு. அதனால் மரமெல்லாம் குட்டை, வளர்ச்சியும் ஆமை வேகம். அரணைக்கும் பல்லிக்கும் ஒளிய இடம் கிடைப்பது இதே பொந்துகளில்தான். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் வழிகாட்டி சொல்வதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

படகுத்துறையில் இறங்கியதும் எல்லோரும் காட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஒரு நிமிடம் கரையைப் பாருங்கள். அலை அடிப்பாகத்தை அரித்துவிட, பாறையின் மேல்தட்டு கூரை போலக் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். படம் எடுக்கிறேன் என்று அந்த விளிம்பில் போய் நிற்காதீர்கள். கீழே தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது, மேலே முழுக்கக் கூர்.

காலணி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சவாத் (ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கலாம். பாதி வழியில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களேதான். தடித்த அடிப்பாகம் உள்ள, விரல் மூடிய காலணி வேண்டும். அதைவிட முக்கியம், அது சுத்தமாக இருக்க வேண்டும். தோட்டத்தில் போட்ட காலணியை அப்படியே மாட்டிக்கொண்டு வந்தால், அடிப்பள்ளத்து மண்ணோடு களை விதையும் தீவில் இறங்கும். இங்கே பல வருடங்களாகக் கையால் பிடுங்கித் தீராத தலைவலி சூபாபுல் போன்ற வந்தேறிச் செடிகள். முதல்நாள் இரவே பழைய பல்துலக்கியால் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பையின் உள்மடிப்பையும் உதறிவிடுங்கள். எலியை ஒழித்த தீவு இது. ஒரு சினை எலி பைக்குள் புகுந்து வந்தால் போதும், அத்தனை உழைப்பும் வீண்.

காட்டுக்குள் நுழைந்ததும் வருவது கருங்காலி. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் கூட இருந்தால் மாலை கோக்க ஒரு குச்சி கிடைக்குமா என்று கேட்பார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. டயோஸ்பைரோஸ் எக்ரெட்டாரம் என்ற இந்தக் கருங்காலி, உலகத்திலேயே ஏறக்குறைய இந்தத் தீவில் மட்டும்தான் உண்டு. பெயரிலேயே தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயர்ந்து நிற்கும் மரமாக எதிர்பார்க்காதீர்கள். அடியிலிருந்தே பல தண்டாகக் கிளைத்த, புதருக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட உருவம். 1638இல் இந்தத் தென்கிழக்குக் கரையில்தான் டச்சுக்காரர்கள் குடியேறினார்கள். கருங்காலி அவர்களுக்குக் காசு. பெருந்தீவான மொரிஷியஸின் கரையோரக் காடு போனது போல இங்கும் வெட்டினார்கள், பின்னால் வந்தவர்கள் விறகுக்கும் வெட்டினார்கள். சுண்ணாம்புத் தரையில் வளரும் கரையோரக் கருங்காலிக் காட்டில் மொரிஷியஸில் மிஞ்சிய கடைசித் துண்டு இதுதான்.

இந்த இடத்தில் ஆமை வந்தே ஆக வேண்டும். மொரிஷியஸுக்கென்றே இரண்டு வகை ராட்சத ஆமைகள் இருந்தன. கப்பல்காரர்கள் உயிரோடு ஏற்றிக்கொண்டு போய்ச் சாப்பிட்டே தீர்த்தார்கள். ஆமை போனதும் கருங்காலிக்குச் சிக்கல்: அதன் பழம் பெரிது, விதையும் பெரிது; விழுங்கித் தூரமாய்ப் போய்ப் போடுவதற்கு வேறு பிராணி இல்லை. பழம் தாய்மரத்தடியிலேயே விழுந்து அழுகியது. 2000இல் அல்தாப்ரா ஆமைகளை, சீஷெல்ஸ் நாட்டு ராட்சத ஆமைகளை, கொண்டுவந்து விட்டார்கள். உறவு தூரம்தான், ஆனால் வேலை அதே வேலை. பழத்தைத் தின்று காடு முழுக்கச் சாணியில் விதைத்தன. ஆமை வயிற்றுக்குள் போய்வந்த விதை, போகாத விதையைவிட நன்றாக முளைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் 2011இல் எழுதினார்கள். ஆகவே வழியில் ஆமைச் சாணியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடாமல் வழிகாட்டியிடம் காட்டச் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டி குச்சியால் கிளறி விதையைக் காட்டுவார். இந்தச் சுற்றிலேயே மிகச் சிறந்த நிமிடம் அதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அப்படியே இலையையும் பாருங்கள். சில நாட்டுச் செடிகளில் கன்றின் இலை ஒரு வடிவம், வளர்ந்த மரத்தின் இலை வேறு வடிவம். ஒரே செடி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆமை எட்டும் உயரத்தில் இருக்கும்வரை அதன் வாய்க்குப் பிடிக்காத இலை, அதற்கு மேலே போனதும் சாதாரண இலை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ஆமைகளுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தபோது கன்றிலையை அவை அவ்வளவாகத் தொடவில்லை. ஆமையே அழிந்து இத்தனை தலைமுறை ஆன பிறகும் செடி அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஆமை இங்கே அவிழ்த்துவிட்டபடி திரியும். பாதையில் குறுக்கே படுத்திருந்தால் சுற்றிப் போக வேண்டியது நாம்தான். ஆணில் 200 கிலோவைத் தாண்டுவதும் உண்டு, குழந்தையை முதுகில் ஏற்றி உட்காரவைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஆமையைத் தொட்டுத் தடவி, கீரை ஊட்டி விளையாட வேண்டும் என்றால் ரிவியேர் தே ஸாங்கீயில் உள்ள லா வனீய் பூங்காவுக்குப் போவதே மேல். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அங்கேதான் சந்தோஷம் அதிகம், பெற்றோருக்கும் நிம்மதி.

இளஞ்சிவப்புப் புறாதான் பலருக்கும் வருகிற காரணம். 1990ஐ ஒட்டிக் காட்டில் பத்துப் புறாகூட மிச்சமில்லை. கூண்டில் வளர்த்துப் பெருக்கி 1994இல் இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டார்கள். இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2018இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஒரு படி ஆபத்துக் குறைந்த நிலைக்கு மாற்றினார்கள். பார்க்க எப்படி இருக்கும்? தலையும் மார்பும் வெளிறிய ரோஜா நிறம், இறக்கை பழுப்பு, வால் துருப்பிடித்த செம்பழுப்பு, காலும் அலகும் சிவப்பு. காலில் வண்ண வளையங்கள் இருக்கும். அதைப் பார்த்து இது வளர்ப்புப் புறா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் எது, யாருடைய குஞ்சு என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த வளையம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில புறாக்களிலிருந்து பெருகிய கூட்டத்தில் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேரும் ஆபத்து அதிகம், கணக்கு வைக்காவிட்டால் குஞ்சு பலவீனமாகும். போதாததற்கு, தொண்டையில் புண் வைத்துக் குஞ்சுகளைக் கொல்லும் ஒட்டுண்ணி நோய் வேறு இருக்கிறது.

புறாவைக் காண்பதற்கு வழி எளிது. காலை முதல் குழுவில் போங்கள், தீவனம் வைக்கும் இடத்தருகே குரலைத் தாழ்த்தி நில்லுங்கள். அண்ணாந்து உச்சியில் தேடாதீர்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நிழலான கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் குறைவு, ஆகவே செல்பேசிப் படத்தில் சாம்பல் உருண்டைதான் விழும். 300 மி.மீ. லென்ஸும் கொஞ்சம் கூடுதல் ஐ.எஸ்.ஓ.வும் வைத்தால் போதுமான படம் கிடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம்.

சிவப்புத் தலைக் குருவியில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் வரும் சிவப்புக் குருவி, கார்தினால் என்று நாம் கூப்பிடுவது, மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஃபோடி. இனப்பெருக்க காலத்து ஆணுக்கு வயிறு வரைக்கும் சிவப்பு இறங்கியிருக்கும். மொரிஷியஸ் ஃபோடியோ இந்த மண்ணுக்கே உரியது. அதன் ஆணில் சிவப்பு தலையோடும் மேல்மார்போடும் நின்றுவிடும், வயிறு மங்கலான ஆலிவ் பழுப்பு. 2003 முதல் இங்கே விடப்பட்டு நன்றாகவே பெருகியிருக்கிறது. பெண்பறவைகளைப் பிரித்தறிய வழிகாட்டியையே கேளுங்கள், படத்தைப் பார்த்துக் கற்பது சிரமம். ஆலிவ் வெள்ளைக்கண்ணி இன்னும் அரிது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், நீண்டு வளைந்த அலகு. வீட்டுப் பக்கத்தில் கூட்டமாகக் கீச்சிடும் சாம்பல் வெள்ளைக்கண்ணியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிட்டத்தில் வெள்ளை தெரியும். ஆலிவ் கண்ணியைக் காணாமல் திரும்பினால் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம், பலருக்கும் கிடைப்பதில்லை.

தரையில் டெல்ஃபேர் அரணை. பெரிய அரணைகள் ஒரு அடிக்கு மேல் போகும். கூச்சமே கிடையாது, நின்று பேசிக்கொண்டிருந்தால் காலணிக் கயிற்றைத் தின்னும் பொருளா என்று சோதிக்க வந்துவிடும். வடக்கே உள்ள ரௌண்ட் தீவில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்ததை 2006, 2007 வாக்கில் இங்கே கொண்டுவந்தார்கள். அடுத்து, அதே ரௌண்ட் தீவிலிருந்து 2010இல் கொண்டுவரப்பட்ட குந்தர் பல்லி: சாம்பல் நிறம், நம் வீட்டுப் பல்லியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிது, மரத்தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் படும் பக்கம் தேடினால் கண்ணில் படலாம். இவையெல்லாம் பெருகுவதற்கு இடைஞ்சல் யார் தெரியுமா? மூஞ்சூறு. பிள்ளையாரின் வாகனம் என்ற மரியாதை இங்கே செல்லாது. பல்லி, அரணைக் குஞ்சு, பூச்சி என்று அகப்பட்டதை எல்லாம் மென்றுவிடும். எலியை ஒழித்தவர்களால் இதை ஒழிக்க முடியவில்லை. பொந்துக்குப் பொந்து இணைந்த சுண்ணாம்புப் பாறையில் ஒன்று விடாமல் பிடிப்பது லேசான காரியமா?

நாற்றங்காலில் நிற்கும்போது பலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடமே அதுதான். மண்ணில்லாத தரையில் கன்று எப்படிப் பிடிக்கிறது, எத்தனை நட்டால் எத்தனை தேறும், தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களே கூட நின்று பதில் சொல்வார்கள். அழிந்த பிராணிகளின் வெண்கலச் சிலைகள், டோடோ உட்பட, பாதையோரம் உண்டு. பிள்ளைகள் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் பீரங்கி மேடையும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை.

குறை என்று சொன்னால் இரண்டு. ஒன்று, எல்லாமே வழிகாட்டி கையில்தான். ஊன்றிச் சொல்பவர் கிடைத்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. ஒப்பித்துக்கொண்டே நடப்பவர் கிடைத்தால் நாலு மரம், மூணு ஆமை, முடிந்தது. கேள்வி கேட்கும் குழுவுக்கு அவர்கள் நின்று சொல்வார்கள். மொழியைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: தமிழில் கிடையாது, பாட்டி தாத்தாவுக்குக் கிரியோல், தமிழ்நாட்டு விருந்தாளிக்கு ஆங்கிலம். இரண்டையும் கலந்த குழுவில் எல்லாம் இரண்டு தரம் சொல்லப்படும், நேரம் பாதியாகிவிடும். இரண்டாவது குறை, பொது விடுமுறையில் கூட்டம். தைப்பூசக் காவடிக்கு மறுநாளோ பள்ளி விடுமுறையிலோ கோவில் சங்கத்து பஸ்ஸில் மொத்தமாக நாற்பது பேர் போனால், பின்வரிசைக்குச் சத்தம்கூட எட்டாது, புறாவும் நிற்காது. பதினைந்து பதினைந்தாகப் பிரித்து வெவ்வேறு நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். காத்திருப்பவர்கள் மாயேபூர் கடலோரத்தில் உலாவிவிட்டு வரலாம்.

போகும் வழி: போர்லூயிலிருந்தோ க்யூர்பிப்பிலிருந்தோ மாயேபூர் பஸ். அங்கிருந்து ப்ளூ பே போகும் பஸ்ஸில் ஏறிப் புவாந்த் ஜெரோமில் இறங்கினால், பிரெஸ்கில் விடுதியை ஒட்டிய படகுத்துறை. நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், நேரடியாக நிறுவனத்திடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். உள்ளூர்வாசிகளுக்குத் தனிக் கட்டணம். அடையாள அட்டை மறக்க வேண்டாம். கடற்கரையில் கூவி விற்கும் படகுச் சவாரியில் 'ஈல் ஓஸெக்ரெத்' என்று இருந்தால், இறக்கிவிடுவீர்களா, சுற்றிக்காட்டி மட்டும் வருவீர்களா என்று முதலில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் யாரும் இறக்க முடியாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், தொப்பி, கொசு மருந்து. கொசு மருந்தைக் கரையிலேயே பூசிக்கொள்ளுங்கள், கையில் பூசியபடி பல்லியையும் செடியையும் தொடாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் புழுக்கமும் தாங்காது, புயல் எச்சரிக்கை வந்தால் பயணம் ரத்து. மே முதல் செப்டம்பர் வரை நடப்பதற்குச் சுகம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நடை பெரிய கஷ்டமில்லை, பாதையில் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. படகில் ஏறி இறங்கும்போது மட்டும் ஒருவர் கைகொடுக்க வேண்டும்.

2020 ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி, ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கக்கியது நினைவிருக்கும். ஏறத்தாழ 1,000 டன். மாயேபூர் கடலோரத்தில் ஊரே திரண்டு கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்பு செய்த நாட்கள் அவை. தீவிலிருந்து நாற்றுகளையும் அரிய பறவைகள் சிலவற்றையும் அவசரமாகப் பெருந்தீவுக்கு மாற்றினார்கள். துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் படிந்தால் கருங்கல்லைத் துடைப்பது போலத் துடைக்க முடியாது. கரையோரம் நடக்கும்போது வழிகாட்டியிடம் அதைக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த நாட்களை நேரில் பார்த்தவர்கள், மனப்பாடப் பேச்சு அங்கே நின்றுவிடும்.

குகையும் வேண்டும், சுண்ணாம்புப் பாறையின் உள்பக்கமும் பார்க்க வேண்டும் என்றால் மொரிஷியஸுக்குச் சொந்தமான ரோட்ரிக்ஸ் தீவில் உள்ள பிரான்சுவா லெகா காப்பகம் இருக்கிறது. 2007இல் திறந்தது, ஆமைக் கூட்டம் இங்கே இருப்பதைவிடப் பெரிது, தலைக்கவசம் போட்டுக்கொண்டு குகைக்குள் இறங்கலாம். ஆனால் அதற்கு விமான டிக்கெட் வேண்டும், பறவை விஷயத்தில் ஈல் ஓஸெக்ரெத்துக்கு ஈடாகாது. ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்: காலை முதல் படகில் தீவு, திரும்பியதும் மாயேபூர் சந்தை. மதியத்துக்குள் போனால் டால்பூரி (பருப்பு ரொட்டி) சூடாக இருக்கும்.